ஏட்டுச் சுரைக்காய் கிலோமீட்டர்கள்

விழுப்புரத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 160 கிலோமீட்டர், போய்வர 320. டாடா நெக்சான் மின்சாரக் கார் 2023 செப்டம்பரில் புது வடிவில் சந்தைக்கு வந்தபோது, அதன் சிறிய பேட்டரி வகை ஒரே சார்ஜில் 325 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் விழுப்புரத்துக் குடும்பம் என்ன முடிவுக்கு வரும்? இரவு வீட்டிலேயே சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் கிளம்பலாம், சென்னையில் மருத்துவமனை வேலையையோ கல்யாணத்தையோ முடித்துக்கொண்டு வழியில் எங்கும் நிற்காமல் வீடு திரும்பலாம் என்றுதான் நினைக்கும். அந்தக் காரின் பேட்டரிக் கொள்ளளவு 30 யூனிட். நான்குவழிச் சாலையில் எல்லோரும் போகிற வேகத்தில், ஏ.சி. போட்டுக்கொண்டு, நான்கு பேரும் பெட்டிகளுமாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் செலவாகும். முப்பதைப் பதினைந்தால் வகுத்தால் கிடைக்கும் தூரம் 200. திரும்பும் வழியில் செங்கல்பட்டைத் தொடும் முன்பே பேட்டரி காலியாகிவிடும்.

அந்த 325 பின்னர் 275 ஆனது. காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அதே மோட்டார், அதே பேட்டரி. டாடாவின் பஞ்ச் மின்சாரக் காருக்கும் இதுதான் நடந்தது. 2024 ஜனவரியில் அறிமுகமானபோது பெரிய பேட்டரி வகைக்கு 421, சிறியதற்கு 315 என்று சொல்லப்பட்ட தூரம், பிறகு 365 என்றும் 265 என்றும் திருத்தப்பட்டது. சோதனை விதி மாறியதுதான் காரணம். பழைய எண்ணை நம்பிப் பணம் கட்டியவர்களின் கார் ஒரே இரவில் ஐம்பது கிலோமீட்டர் இளைத்துவிடவில்லை. அந்த ஐம்பது கிலோமீட்டர் தொடக்கத்திலிருந்தே அந்தக் காரில் இருந்ததில்லை.

எந்த ஒரு நிறுவனத்தையும் தனியாகக் குற்றக்கூண்டில் ஏற்ற நாம் இதைச் சொல்லவில்லை. எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, எளிதில் ஒப்பிடக்கூடியவை என்பதால் எடுத்துக்கொண்டோம். இந்தியச் சந்தையில் மின்சாரக் கார் விற்கும் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் இதே சோதனையின் மதிப்பெண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஆகவே நம் கேள்வி அந்த மதிப்பெண் யாருடையது, அதற்கு யார் பொறுப்பு என்பதே.

எம்.ஐ.டி.சி. எனப்படும் இந்தியச் சோதனை ஓட்டம், கூடத்துக்குள் உருளைகளின் மேல் காரை நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டு நடத்தப்படுவது. முழு ஓட்டமும் சுமார் இருபது நிமிடம். அதன் முதல் பகுதி நகரப் போக்குவரத்தைப் போன்றது. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாது. இரண்டாம் பகுதி ஊருக்கு வெளியே ஓட்டுவதைப் போன்றது. அதிலும் உச்சவரம்பு 90. இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் மணிக்கு 32 கிலோமீட்டர்தான் வரும். ஏ.சி. அணைக்கப்பட்டிருக்கும். மின்சாரக் கார்களின் தூரத்தை நீண்டகாலம் முதல் பகுதியை மட்டும் கொண்டு கணக்கிட்டு வந்தார்கள். பின்னரே இரண்டும் சேர்ந்தாக வேண்டும் என்று விதி வந்தது. 421 என்பது 365 ஆன கதை இவ்வளவுதான்.

இந்தச் சோதனையை முற்றிலும் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. எல்லாக் கார்களும் ஒரே உருளையில் ஒரே மாதிரி ஓடுவதால், ஒன்றோடொன்றை ஒப்பிட அது உதவும். பெட்ரோல் காருக்கு மைலேஜ் சொல்வதும் இதே முறையில்தான். லிட்டருக்கு 20 என்று சொன்ன கார் 15 கொடுத்தால் நாம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் பெட்ரோல் கார்க்காரருக்குத் திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே எத்தனையோ பங்க் உண்டு, ஐந்து நிமிடத்தில் டேங்க் நிரம்பிவிடும். அவருக்கு மைலேஜ் குறைந்தால் காசுதான் நஷ்டம். மின்சாரக் காரில் தூரம் குறைந்தால் பயணமே நின்றுபோகும். ஒரே அளவுப் பொய் இரண்டு வாகனங்களில் இரண்டு விதமாகத் தண்டிக்கிறது என்பதை விதி எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் இந்த இடைவெளி ஏன் இன்னும் பெரிதாகிறது என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 100ஐத் தொட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ளுவதற்காகச் செலவிடும் ஆற்றல் இரு மடங்காகிறது. நகரத்துக்குள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும். தாம்பரம் தாண்டிய பிறகு அந்தச் சலுகையும் அநேகமாக இல்லை. பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலை நல்லது, நகரம் கெட்டது. மின்சாரக் காருக்கு அப்படியே தலைகீழ். நகரத்து ஓட்டத்தைப் பெரும்பங்காக வைத்துக் கணக்கிட்ட எண்ணை, நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே பயணம் போகிறவருக்கு வாக்குறுதியாகத் தருவதில்தான் தவறு இருக்கிறது. சென்னை, பெங்களூரு வாடிக்கையாளருக்கு அந்த எண் பாதிப் பொய் என்றால், திண்டிவனம், விழுப்புரம் வாடிக்கையாளருக்கு அது முழுப் பொய்க்கு மிக நெருக்கம். சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல் ஓட்டும்படி இந்த மாவட்டத்தில் யாரிடமும் சொல்ல முடியாது.

இந்த வாதம் ஏற்கெனவே நாட்டின் தலைநகரத்தில் நடந்தது. சொன்ன தூரம் கிடைக்கவில்லை என்ற புகாரின் பேரில், 2021 மார்ச் தொடக்கத்தில் டெல்லி அரசு நெக்சான் மின்சாரக் காருக்கான மானியத்தை நிறுத்திவைத்தது. அப்போது அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். புகார்தாரருக்குக் கிடைத்ததோ 200ஐத் தாண்டவில்லை. சான்று அளித்தது புனேயிலுள்ள வாகன ஆராய்ச்சிக் கழகமான ஏ.ஆர்.ஏ.ஐ.; ஏ.சி., ஓட்டும் விதம், சாலை ஆகியவற்றைப் பொறுத்துத் தூரம் மாறும் என்பது நிறுவனத்தின் பதில். நிறுவனம் நீதிமன்றம் போனது. டெல்லி உயர் நீதிமன்றம் அரசின் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. சட்டப்படி அந்தப் பதிலில் பிழை காண்பது கடினம். சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று சொன்னது அரசு. அதன்படி சான்று கொடுத்தது அங்கீகாரம் பெற்ற நிறுவனம். அந்தச் சான்றைத்தான் கம்பெனி அச்சடித்தது. எல்லோர் கையும் சுத்தம். நடுவழியில் நிற்பவர் மட்டும் ஏமாந்தவர்.

இப்படி ஒரு ஏற்பாடு இருக்குமானால் அதில் முதல் பொறுப்பு விதி வகுத்தவருடையது என்பது நம் தீர்ப்பு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தன் முத்திரையின் நிழலில் இப்படியொரு எண் புழங்குவதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் பகுதியைச் சேர்த்தது நல்ல திருத்தம்தான். ஆனாலும் ஏ.சி. இல்லாத, 90ஐத் தாண்டாத ஓட்டத்தின் எண்ணே இன்றும் விளம்பரப் பலகையில் நிற்கிறது.

நிறுவனங்களுக்கு உண்மை தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு காரும் எங்கே, எவ்வளவு வேகத்தில், எத்தனை யூனிட்டில் ஓடுகிறது என்ற விவரம் இணையம் வழியே அவர்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது. கர்வ் காரை 2024 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியபோது டாடா நிறுவனம் இரண்டு எண்களைச் சொன்னது. பெரிய பேட்டரி வகையின் சோதனைத் தூரம் 585 கிலோமீட்டர். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நடைமுறையில் கிடைக்கக்கூடியது 400 முதல் 425. மஹிந்திரா அதே ஆண்டு நவம்பரில் தன் பி.இ. 6 காருக்கு 682 என்ற சோதனை எண்ணையும், நடைமுறையில் 500க்கு மேல் என்ற எண்ணையும் சேர்த்தே வெளியிட்டது. இது பாராட்டத்தக்க நேர்மை. முதலில் அதைச் சொல்லிவிடுவோம். ஆனால் இரண்டாவது எண் தெரிந்திருக்கும்போது முதலாவதை ஏன் பெரிய எழுத்தில் போட வேண்டும்? 585க்கும் 425க்கும் நடுவே இருப்பது 160 கிலோமீட்டர். சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் உள்ள தூரம் அது. ஒரு முழு வழிப் பயணத்தை நட்சத்திரக் குறியிட்டு அடிக்குறிப்புக்குள் தள்ளுவதை நேர்மை என்று நாம் ஏற்க இயலாது.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள தனிப்பட்ட பேரம் இது, பத்திரிகை ஏன் தலையிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பேரத்தில் பொதுப்பணம் இருக்கிறது என்பது நம் பதில். மின்சாரக் காருக்கான ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் முதல் 5 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் வெளியான தமிழக மின்வாகனக் கொள்கை, 2025 இறுதிவரை சாலை வரியை முழுமையாகத் தள்ளுபடி செய்தது. ஒவ்வொரு மின்சாரக் காரின் விலையிலும், அதை ஒருபோதும் வாங்கப்போகாத மேல்மலையனூர் விவசாயியின் பங்கும் மறைமுகமாகச் சேர்ந்திருக்கிறது. காற்று சுத்தமாகும், எண்ணெய் இறக்குமதி குறையும், இங்கே தொழில் வளரும் என்பதற்காகத் தந்த சலுகை அது. நாம் அதை ஆதரித்தோம், இன்றும் ஆதரிக்கிறோம். ஹூண்டாயின் கிரெட்டா மின்சாரக் கார் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உருவாகிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் ஆலையைத் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு அருகே இதே சென்னை–விழுப்புரம் நெடுஞ்சாலையோரத்தில் இருக்கிறது. தமிழ்நாடு மின்சாரக் கார்களைச் செய்யும் மாநிலம் என்று பெருமைப்படும்போது, அவற்றைப் பற்றி மெய் சொல்லும் மாநிலமாகவும் இருக்க வேண்டிய கடமை கூடவே வருகிறது. சலுகை வாங்கியவர் கணக்குச் சொல்ல வேண்டும்.

மதிப்பு என்று வரும்போது எண் விளையாட்டு இன்னும் நுட்பமாகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. கூடுதலாக இருந்த மேல்வரியும் போய்விட்டது. மின்சாரக் காருக்கு இருந்த விலைச் சாதகம் அந்த அளவுக்குச் சுருங்கியது. இனி அது தன் ஓட்டச் செலவைக் காட்டித்தான் வாடிக்கையாளரை இழுக்க வேண்டும். ஓட்டச் செலவைச் சொல்ல உண்மையான தூரம் தெரிந்தாக வேண்டும். எம்.ஜி. விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது 9.99 லட்சம் ரூபாய் என்ற விலை எல்லோர் கண்ணிலும் பட்டது. அதில் பேட்டரி சேராது. அதற்கு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றரை ரூபாய் வாடகை. பேட்டரியோடு வாங்கினால் 13.5 லட்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றரை லட்சம் ரூபாய். கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று வகுத்தால், வட்டியைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஒரு லட்சம் கிலோமீட்டரில் இரண்டும் சமம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் வாடகையாக மட்டும் மாதம் 5,250 ரூபாய் கட்டுவார்; கரண்ட் செலவு தனி. இந்தத் திட்டம் சிலருக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பத்து லட்சத்துக்குக் கீழே ஒரு மின்சாரக் கார் என்று அதை விற்பது, தவணையை மறைத்து முன்பணத்தை மட்டும் சொல்லும் பழைய வியாபாரத் தந்திரம்தான்.

வீட்டில் சார்ஜ் போடும் செலவிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஷோரூமில் யாரும் அதைக் காட்டுவதில்லை. நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்கு இரண்டு மாதத்தில் சுமார் 300 யூனிட் தேவை. ஏற்கெனவே 300 யூனிட் செலவழிக்கும் வீட்டில் அது சேர்ந்தால் 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமின்றிக் கீழ் அடுக்குகளுக்கும் கட்டணம் ஏறுகிறது. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று விற்பனையாளர் சொல்லும் கணக்கில் இது சேர்ந்திருக்காது. அப்படியும் பெட்ரோலை விட மலிவுதான். மலிவான பொருளை விற்க மிகைப்படுத்தல் எதற்கு என்பதுதான் நமக்குப் புரியாதது.

இனி சாலைக்கு வருவோம். நெடுஞ்சாலைகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக இருபுறமும் சார்ஜிங் நிலையம் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல். திண்டிவனம்–விழுப்புரம் சாலையில் உணவகங்களின் வாசலிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் சார்ஜர்கள் வந்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஆனால் வரைபடத்தில் பச்சைப் புள்ளி இருப்பதும் அந்தப் புள்ளியில் கரண்ட் வருவதும் ஒன்றாகிவிடாது. இரண்டு இணைப்பு முனைகள் உள்ள சார்ஜர் பலவற்றில், இரண்டாவது கார் வந்து செருகியதும் திறன் பாதியாகப் பிரிந்துவிடும். 30 கிலோவாட் வேகத்தில் 45 யூனிட் பேட்டரியைப் பத்து விழுக்காட்டிலிருந்து எண்பதுக்கு ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எண்பதுக்கு மேல் வேகம் இன்னும் குறையும் என்பதால் அதோடு கிளம்பிவிடுவதே வழக்கம். ஆகவே வழியில் சார்ஜ் போட்டுப் போகிறவருக்கு இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே கிடைப்பது உண்மைத் தூரத்திலும் பத்தில் ஏழு பங்குதான். முதலில் சொன்ன காரில் அது 140 கிலோமீட்டர். அட்டையில் 325.

பொங்கலுக்கு முந்தைய நாள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நிற்கும் வரிசையை இந்தப் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நெரிசலில் ஊர்வதால் மின்சாரக் காருக்குப் பெரிய நஷ்டம் இல்லை, ஏ.சி.யைத் தவிர வேறு செலவு அதிகமில்லை. நெரிசல் கடந்து சார்ஜருக்கு வரும்போதுதான் சிக்கல். முன்னால் நான்கு கார்கள் நின்றால், ஐந்தாவது காரில் இருக்கும் குழந்தைகளும் பெரியவர்களும் இரண்டு மூன்று மணி நேரம் சாலையோர உணவகத்தில் உட்கார வேண்டும். அரசுப் பேருந்துப் பயணிகள் பல பத்தாண்டுகளாகப் புலம்பிவரும் அந்த நெடுஞ்சாலை உணவக அனுபவம் இப்போது பதினைந்து லட்சம் ரூபாய் காரில் வருகிறவர்களுக்கும் வாய்த்திருக்கிறது. சமத்துவம் இப்படியும் வரும் போலிருக்கிறது. அந்தச் சார்ஜரில் ஏற்றும் மின்சாரத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்பது தனிச் சோகம். காருக்கு 5 விழுக்காடு வரி போட்டு ஊக்கம் கொடுக்கும் அரசு, அதை ஓட்டுவதற்கான சேவைக்கு 18 விழுக்காடு போடுவதன் நியாயத்தை யாரும் நமக்கு விளக்கியதில்லை.

2024 டிசம்பர் முதல் நாளை விழுப்புரம் மாவட்டம் மறக்காது. ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகி அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே மறித்தது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டு வாசலில் நிற்கும் காரில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்பதைப் பொறுத்துத்தான், முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக முடியுமா, புதுச்சேரி ஜிப்மர்வரை போக முடியுமா என்பது முடிவாகும். சோதனைக் கூடத்தின் எண் அங்கே உதவாது.

இந்த எண் போட்டி இரண்டு விதமான மனிதர்களுக்கு அநீதி செய்கிறது. திண்டிவனத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குச் சவாரி எடுக்கும் டாக்சிக்காரர் ஒருவகை. நாளைக்கு இரண்டு நடை என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கியவருக்கு, ஒவ்வொரு நடைக்கும் நடுவே ஒரு மணி நேரம் சார்ஜருக்குப் போய்விட்டால் மாதத் தவணையே ஆட்டம் காணும். இன்னொரு வகை, விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கோ புதுச்சேரிக்கோ தினமும் வேலைக்குப் போய்வரும் ஆசிரியை. இரண்டில் எதுவானாலும் ஒருவழித் தூரம் நாற்பது கிலோமீட்டர் அளவுதான். மிகச் சிறிய பேட்டரி கொண்ட கார் ஒன்றே அவருக்கு வாரம் முழுவதும் போதும். இரவில் வீட்டில் செருகினால் முடிந்தது. ஆனால் 600, 680 என்று ஏறிக்கொண்டே போகும் பலகைகள் அந்தச் சிறிய காரின் 230 கிலோமீட்டரை அற்பமாகக் காட்டி, தேவையற்ற பேட்டரிக்குப் பல லட்சம் கூடுதலாகக் கொடுக்க வைக்கின்றன. முதலாமவரிடம் இல்லாத தூரத்தை விற்கிறார்கள். இரண்டாமவரிடம் வேண்டாத தூரத்தை விற்கிறார்கள். எத்தனை ரூபாய்க்கு எத்தனை உண்மையான கிலோமீட்டர், அதில் எத்தனை எனக்குத் தேவை என்ற கேள்வியைக் கேட்க விடாமல் செய்வதே இந்தப் பெரிய எண்களின் வேலை. ஆயுள்கால பேட்டரி உத்தரவாதம் என்று சில நிறுவனங்கள் சொல்வதும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். பழைய கார் வாங்கும் கீழ்நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த ஆயுள் கிடையாது.

வெளிநாடுகளில் இதைத் தீர்க்க முடியாத புதிராக யாரும் கருதவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, சோதனைக் கூடத்தில் கிடைக்கும் தூரத்தைப் பொதுவாக 0.7ஆல் பெருக்கி, குறைந்த எண்ணையே காரின் கண்ணாடியில் ஒட்டச் சொல்கிறது. ஐரோப்பா 2017 முதல் 130 கிலோமீட்டர் வேகம்வரை போகும் சோதனைக்கு மாறியது. தென்கொரியாவின் போட்டி ஆணையம், குளிரில் தூரம் வெகுவாகக் குறையும் என்பதைச் சொல்லாமல் விற்றதற்காக டெஸ்லா நிறுவனத்துக்கு 2023 ஜனவரியில் 285 கோடி வோன் அபராதம் விதித்தது. அங்கே குளிர் என்றால் இங்கே வெயில், நியாயம் ஒன்றுதான்.

நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகள், நிபந்தனைக் குறிப்பு எந்த மொழியில் உரிமைகோரல் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் கொட்டை எழுத்தில் தூரத்தைச் சொல்லிவிட்டு, பலகையின் அடியில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் சோதனை நிபந்தனைகளைப் போடுவது எந்த நெடுஞ்சாலைப் பலகையில் இருந்தாலும் இந்த விதிக்குப் புறம்பானது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஒரு சின்ன மின்சாரக் காரின் விலை அது. பெரிய நிறுவனத்துக்கு உறைக்காது. என்றாலும் விதித்தால்தானே உறைக்கிறதா என்று தெரியும். அதே சட்டம் விளம்பரத்தை வெளியிடுவோரையும் பொறுப்புக்குள் கொண்டுவருகிறது. ஏடுகளுக்கும் அது பொருந்தும். முழுப்பக்க விளம்பரத்தின் வருமானத்தைக் காட்டி இந்த விஷயத்தில் மௌனம் காக்க எந்தப் பத்திரிகைக்கும் உரிமை இல்லை.

மத்திய அமைச்சகம் செய்ய வேண்டியது கடினமானதல்ல. ஏ.சி. ஓடும் நிலையில், 100 கிலோமீட்டர் வேகத்தில், கிடைக்கும் தூரத்தைத் தனியாகச் சோதித்து, அதையே முதல் எண்ணாக ஷோரூமிலும் விளம்பரத்திலும் போட வேண்டும் என்று ஆணையிட வேண்டும். சோதனைக் கூடத்து எண் வேண்டுமானால் அதற்குக் கீழே, அதைவிடச் சிறிய எழுத்தில் இருக்கட்டும். பத்திலிருந்து எண்பது விழுக்காடு ஏற எத்தனை நிமிடம் என்பதும் அதே அட்டையில் வர வேண்டும். தமிழக அரசு தன் பங்குக்கு, இந்த அட்டை இல்லாத காருக்குச் சாலை வரிச் சலுகை இல்லை என்று அறிவிக்கலாம். தன் சலுகைக்கு நிபந்தனை வைக்க அது டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலைச் சார்ஜர்கள் மாதத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் வேலை செய்தன என்பதையும் நிலையம்வாரியாக வெளியிடச் செய்ய வேண்டும்.

ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தவறான விளம்பரம் குறித்த புகாரை எழுத்துப்பூர்வமாக மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம்; விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. இழப்பீடு கேட்க விரும்புகிறவர் புனேவுக்கோ மும்பைக்கோ போக வேண்டாம். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்கிறது அதே சட்டம். தன் பிழைப்புக்காகக் கார் ஓட்டும் டாக்சிக்காரரும் அதன் பார்வையில் நுகர்வோர்தான். வாங்கிய நாளில் காட்டிய விளம்பரம், விலைப்பட்டியல், சார்ஜ் போட்ட ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம்வரை விலை கொடுத்து வாங்கிய காருக்கு, விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்ட வேண்டிய கட்டணம் 400 ரூபாய்.